தீவகமும் கணக்குத் தொழிலும்

நயினாதீவிலே 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய ஆணை அது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளுக்குக் காவல் அளிக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் செம்பாதி. கடல் கொண்டது போக எஞ்சியதில் இன்னாருக்கு இவ்வளவு என வரையறுப்பதே கணக்குத் தொழிலின் உயிர்.

அத்துறையின் அயலிலுள்ள பள்ளிகளிலோ கணக்கியல் நெடுங்காலம் இரண்டாந்தரக் கல்வியாகவே எண்ணப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆசிரியர் கண்ட உயர்வு அரசாங்க எழுதுவினைஞர் பதவி. பின்னர் மருத்துவமும் பொறியியலும். கடைக்கணக்கு, தென்னிலங்கையில் வாணிகஞ் செய்த புங்குடுதீவு, வேலணை மக்களின் கைப்பழக்கம். அதற்கு வகுப்பறை எதற்கு என்பதே பொதுவான எண்ணம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தின் வாயில் ஒடுங்கிற்று. 1959இல் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சட்டத்தால் அமைந்தது. 1970களின் தரப்படுத்தல் மருத்துவ, பொறியியற் கனவுகளையும் குறுக்கிற்று. அதன் பின்னரே வணிகப் பிரிவின்மீது ஆசிரியர் பலரின் பார்வை திரும்பலாயிற்று.

மற்றக் கதவுகள் அடைபட்ட பிறகு காட்டப்படும் வழியை மாணவன் தோல்வியாகவே கொள்வான். எண்ணிலே நாட்டமும் சொல்லிலே நேர்மையும் உள்ள பிள்ளைக்கு அவ்வழியை முதலிலேயே காட்டுவதன்றோ ஆசிரியர் கடன்? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கல்லிற் பொறிக்கத் தகுந்த கணக்கு, கரும்பலகையில் முதலிடம் பெறத் தகாததன்று.