கேசட் முதல் பென் டிரைவ் வரை

கணினி என்றால் திரையும் விசைப்பலகையும்தான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. எழுதியது எங்கே போய்த் தங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் நஷ்டப்பட்ட பிறகுதான் கேட்டேன்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் தந்த முதல் ஹார்டு டிஸ்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு சுமார் 50 இலட்சம் எழுத்துகளே. அது வீட்டுக்குள் நுழையும் சாமானா? 1977-இல் வீட்டுக் கணினிகள் விற்பனைக்கு வந்தபோது அவற்றுக்கு வாய்த்தது, பாட்டுக் கேட்கிற கேசட்தான். எழுதியதை ஒலியாக மாற்றி நாடாவில் பதிவார்கள். திரும்ப ஏற்றச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஃபிளாப்பி. 1971-இல் 8 அங்குலம், 1976-இல் ஐந்தேகால், 1981-இல் சோனியின் மூன்றரை என்று உருவம் சிறுத்தது. கொள்ளளவோ பெருகி 1987-இல் 1.44 எம்.பி. ஆயிற்று. இடையில் 1983-இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினி, 10 எம்.பி. ஹார்டு டிஸ்கை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. பிறகு வந்த சி.டி. ஒன்றில் 650 எம்.பி., அதாவது சுமார் 450 ஃபிளாப்பி அடங்கும். 2000-இல் வந்த பென் டிரைவில் சுழலும் தட்டே கிடையாது. மின்னேற்றத்தைச் சில்லுக்குள் பிடித்து வைக்கும் முறை அது. முதலில் 8 எம்.பி.தான். இன்று விரல் அளவில் ஒரு டெராபைட் கிடைக்கிறது.

இனி என் கதை. 1996-இல் கடைக் கணக்குக்காகக் கணினி வாங்கினேன். இரவு கடை சாத்திய பிறகு, தாத்தா வைத்துப்போன ஸ்ரீபுராண ஏட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து இரண்டு ஃபிளாப்பியில் சேர்த்தேன். மூன்று வருஷ வேலை. 2012-இல் திறக்கலாம் என்றால் புதுக் கணினியில் ஃபிளாப்பி போட வாயே இல்லை. சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. மகன் தனியாக ஒரு டிரைவ் வாங்கி வந்தான். ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. மற்றது திறந்தது; ஆனால் பழைய எழுத்துரு இல்லாததால் தமிழுக்குப் பதில் வெறும் கிறுக்கல். ஏடு மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

ஆனாலும் ஏடு சாகாவரம் பெற்றதல்ல. பூச்சி அரிக்கும், ஓரம் பொடியும். அதனால்தான் நம் முன்னோர் சுவடியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். சமணத்தில் அதற்குச் சாத்திர தானம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் படி எழுதுவித்துக் கொடுத்தார் என்பது வழக்கு. அப்படிப் படியெடுத்த சுவடிகள் இருந்ததால்தான் 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது.

ஆக, எந்தக் கருவியும் நிரந்தரமல்ல. படியெடுக்கும் வழக்கம்தான் நூலைக் காக்கிறது. இப்போது யூனிகோடில் மறுபடி அடித்து வருகிறேன். பாதி முடிந்திருக்கிறது. மூன்று இடத்தில் வைக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கருவிக்கு மாற்றுவதாக உறுதி.

அன்பர்கள் வீட்டுப் பரணில் பழைய ஃபிளாப்பியோ சி.டி.யோ கிடந்தால், இந்த ஞாயிறே எடுத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் திறக்காமல் போகலாம்.