ஊரியும் அதன் உள்ளுடலும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகின்றது என்பது இலங்கை முழுவதும் அறிந்த செய்தி. ஆனால் 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அங்கு சென்ற குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனென்றிடம் மீனவர் வேறு விடை கூறினர். ஒலிப்பது மீனன்று, ஊரி என்றனர். நிலவொளியிலே கோட்டைத் துறையருகே தோணியிற் சென்ற தெனென்ற், நீரடியிலிருந்து எழுந்த மெல்லிய இசையொலிகளைக் கேட்டார். தோணிப் பலகையிற் காதை வைத்தபோது அவை மேலும் ஓங்கின.

மீனவர் உயிருடன் கொணர்ந்த ஊரிகளை லிற்றோறினா, செறித்தியம் என அவர் இனங்கண்டார். 1859இல் வெளிவந்த தம் நூலில், செறித்தியத்தின் ஓடு குறுகித் தடித்திருந்ததென்றும், பாறை நிலத்தில் வாழும் ஊரிக்கு அது இயல்பென்றும் குறித்தார். கூரிய நோக்குத்தான். எனினும், வாழுமிடத்திற்கேற்ப ஓடு மாறுமாயின், ஓட்டை மட்டும் நம்பி உயிருக்குப் பெயரிடுவது எங்ஙனம்?

ஒலியெழுப்பும் உயிருக்கு ஒப்பாக அவர் காட்டியது திரித்தோனியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தை. அதற்கு உறவான குமிழி ஊரிகளிலேதான் இவ்வினா மிகவும் கடினமாகின்றது. இந்து சமுத்திரக் கரைகளிற் கிடைக்கும் புல்லா, ஹமினோயா முதலியவை இவ்வகையின. முட்டை வடிவான ஓடு; ஓரினத்திலேயே பருமனும் நிறமும் வேறுபடும்; வேறினங்களோ ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே ஆய்வாளர் உடலை அறுத்து, நாவிலுள்ள பல்வரிசையையும், ஆணுறுப்பையும், இரையை அரைக்கும் பையிலுள்ள மூன்று தட்டுகளையும் ஒப்பிடுவர்.

இத்தட்டுகளாலேயே ஒரு வேடிக்கை நிகழ்ந்ததுண்டு. 1783இல் சிசிலித் தீவின் ஜொயேனி என்பவர், மூன்று துண்டு ஓடுடைய புதிய கடலுயிர் ஒன்றைக் கண்டதாக நூல் எழுதினார். அது நடமாடும் விதத்தையுங்கூட விரித்துரைத்தார்! 1800ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் திறப்பார்னோ, அது குமிழி ஊரி ஒன்றின் அரைவைப் பையேயன்றி வேறில்லை என்று காட்டினார். உடலைத் திறந்து பார்த்தவருக்கு முன் கற்பனை நிற்கவில்லை.

மட்டக்களப்பு மீனவரோ உயிருள்ள சான்றையே கையிற் கொடுத்தனர். அவற்றை அறுத்துப் பார்த்ததாகத் தெனென்ற் எழுதவில்லை. அவர் குறித்துவைத்தவை ஓட்டின் நீளமும் அகலமும் பாரமுமே.