இந்திய வெள்ளி ரூபாய்: சேகரிப்பு மதிப்பின் வரலாறு

இந்திய வெள்ளி ரூபாய், 16ஆம் நூற்றாண்டில் ஷெர் ஷா சூரியின் ஆட்சியில் உருப்பெற்று, 1940களின் நடுப்பகுதி வரை புழக்கத்துக்காக அச்சிடப்பட்ட நாணயம். தமிழ்நாட்டு வீடுகளில் ‘ராணித் தலை’, ‘ராஜா தலை’ என்று பெயர் சொல்லிப் பெட்டியில் வைத்திருப்பது இதன் பிரிட்டிஷ் கால வடிவத்தைத்தான். இந்தக் காசுக்கு மூன்று மதிப்புகள் உண்டு: அரசு குறித்த முகமதிப்பு, அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு, சேகரிப்பாளர் தரும் மதிப்பு. முகமதிப்பு காலாவதியாகிவிட்டது. வெள்ளியின் மதிப்பு அன்றாடச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. சேகரிப்பு மதிப்பு, குறிப்பிட்ட ஆண்டின் காசுகளில் எத்தனை உலைக்குத் தப்பின, தப்பியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எனவே இதன் சேகரிப்பு வரலாறு பெரும்பாலும் உருக்கப்பட்ட காசுகளின் வரலாறுதான்.

தொடக்கமும் ஆற்காடு ரூபாயும்

ஷெர் ஷா (ஆட்சி 1540–1545) வெளியிட்ட ரூபியா ஏறத்தாழ 178 கிரெயின், அதாவது சுமார் 11.5 கிராம் எடையுள்ளது. முகலாயர் அதையே தொடர்ந்தனர். தென்னகத்தில் அன்று பொன் வராகனும் ‘பணம்’ என்ற சிறு காசும் செல்வாக்குடன் இருந்தன. வெள்ளி ரூபாய் மெல்லத்தான் வேரூன்றியது. ஆற்காடு ரூபாய் அச்சிடும் உரிமையை முதலில் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கம்பெனியும், 1742-இல் சென்னையின் ஆங்கிலேயக் கம்பெனியும் பெற்றன. இரு தரப்பின் காசுகளிலும் முகலாயப் பேரரசரின் பெயரும் பாரசீக எழுத்துமே இருக்கும். அடையாளச் சின்னத்தைக் கொண்டே அச்சகத்தைப் பிரித்தறிய வேண்டும்: பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759-இல் இறந்த பிறகும் ஆங்கிலேயக் கம்பெனி அவருடைய ஆறாம் ஆட்சியாண்டைப் பொறித்தே பல பத்தாண்டுகள் காசு அடித்தது. ஆகவே ஆற்காடு ரூபாயில் பொறித்த ஆண்டை மட்டும் நம்பி வயதைச் சொல்ல முடியாது.

அக்காலத்தில் காசின் மதிப்பைக் கடைவீதியில் முடிவுசெய்தவர்கள் சராப்புகள். அவர்கள் காசைச் சுண்டி ஒலி கேட்டு, எடை போட்டு, தேய்மானத்துக்கு ஏற்ப ‘வட்டம்’ என்ற கழிவைப் பிடித்துக்கொண்டு மாற்றித் தருவார்கள். பரிசோதித்ததற்கு அடையாளமாகக் காசின் முகத்தில் சிறு முத்திரையைக் குத்திவிடுவார்கள். அன்று நம்பகத்துக்குச் சான்றாக நின்ற அந்தக் குத்து, இன்று பெரும்பாலும் விலையைக் குறைக்கிறது.

சேகரிப்பாளர் பெரிதும் தேடும் சென்னை வெள்ளிக் காசு, 1807 முதல் சில ஆண்டுகள் வந்த அரை வராகன். ஒரு பக்கம் விண்மீன்கள் சூழ்ந்த கோயில் கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். ஸ்பெயினின் வெள்ளி டாலர்களின் மீதே இதை மறுபடி அடித்தார்கள். அடி சற்றுத் தளர்ந்த இடங்களில் கோபுரத்தின் ஊடே ஸ்பெயின் மன்னரின் தலையோ எழுத்தோ நிழலாகத் தெரியும்; அப்படித் தெரியும் காசுகளுக்குத் தனி மவுசு உண்டு. 1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் அடிப்படை நாணயமானதும் வராகன் கணக்கு ஒழிந்தது.

1835: ஒரே எடை, ஒரே தரம்

1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தூய வெள்ளி மட்டும் 10.69 கிராம். இந்த அளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. முகலாயர் பெயர் போய் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியமின் தலை வந்தது. அந்தத் தலையின் கழுத்து வெட்டில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது கல்கத்தா அச்சகத் தலைவர் ஃபோர்ப்ஸையும், ஆர்.எஸ். என்றிருந்தால் ராபர்ட் சாண்டர்ஸையும் குறிக்கும். எழுத்து புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தும் வகை பிரிப்பார்கள்.

1840 ஆண்டிட்ட விக்டோரியா ரூபாயில் அரசியின் பெயர் தலையைச் சுற்றி இடைவிடாமல் ஓடினால் முதல் வகை. தலையின் இருபுறமும் பிரிந்து நின்றால் இரண்டாம் வகை. 1862 முதல் மகுடம் சூடிய அரசி வந்தார். அந்த ஆண்டெண்ணை மாற்றாமலேயே 1870களின் தொடக்கம் வரை அச்சிட்டதால், பம்பாய் அச்சகம் பின்பக்கத்தில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனது. புள்ளிகளை எண்ணத் தெரிந்தவருக்கு, சாதாரண 1862 ரூபாய்க் குவியலிலும் அரிய வகை கிடைக்கக்கூடும். 1877 முதல் ‘அரசி’ என்ற பட்டம் ‘பேரரசி’ ஆனது.

வெள்ளி விலையும் உலையும்

ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறியதாலும் அமெரிக்கச் சுரங்கங்கள் பெருகியதாலும் 1870களில் வெள்ளி மலிந்தது. சுமார் 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1892–93-இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை அரசு 1893-இல் நிறுத்தியது. பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைநிறுத்தப்பட்டதால், காசின் முகமதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைத் தாண்டி நின்றது. உருக்கினால் நட்டம் என்பதால் காசுகள் பிழைத்தன.

முதல் உலகப் போர் இந்தக் கணக்கைப் புரட்டியது. வெள்ளி அவுன்சுக்கு 43 பென்ஸைக் கடந்தால் ரூபாயை உருக்குவதே லாபம்; 1917-இல் அந்த எல்லை கடந்தது. நாணயத்தைப் பணமாக அன்றி வேறு வகையில் பயன்படுத்துவதற்கு அரசு அவ்வாண்டு தடை விதித்தது. ஒரு ரூபாய்த் தாளையும் வெளியிட்டது. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்கீழ் 25 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி, அந்த வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. அவ்வாண்டு பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. 1918 ரூபாய் நூறாண்டைக் கடந்தும் இன்று எளிதில் கிடைப்பதற்கு இதுவே காரணம். பழமை மட்டும் விலை தராது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது மக்கள் வெள்ளியைப் பதுக்கத் தொடங்கினர். 1940-இல் ரூபாயின் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்தது. மீதி 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். 1941 முதல் 1943க்குள் பழைய உயர்தர ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவையாகி, கருவூலத்துக்கு வந்தவை உலைக்குப் போயின. அரசின் கைக்கு எட்டாமல் வீட்டுப் பானையிலும் கோயில் உண்டியலிலும் கழுத்து மாலையிலும் தங்கியவையே இன்றைய சேகரிப்பின் மூலதனம். 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. விடுதலைக்குப் பின் வெள்ளி நினைவு நாணயங்களில்தான் தலைகாட்டியது. 1969-இல் வெளிவந்த காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் 15 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது.

அரிய ஆண்டுகள்

மிகவும் பேசப்படுவது 1911ஆம் ஆண்டின் ‘பன்றி ரூபாய்’. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இந்தியப் பேரரசு விருதின் யானைச் சின்னம் உண்டு. அந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தோன்றியதால், இஸ்லாமியரிடையே எதிர்ப்பு கிளம்பியது. அடித்த 94 லட்சம் காசுகளில் சுமார் 7 லட்சமே வெளியே வந்திருந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912 காசில் துதிக்கை நீண்டு, காது பெரிதாகி, யானை யானையாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ஆண்டிட்ட ரூபாய், பழைய உயர்தர வெள்ளியில் அமைந்த கடைசிக் காசு. புழக்கத்துக்கு வந்தது சொற்பம் என்பதால் அந்த ஆட்சியின் ரூபாய்களில் இதற்கே விலை அதிகம். அதனாலேயே 1938-இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிய போலிகள் சந்தையில் உலவுகின்றன.

மதிப்பைத் தீர்மானிப்பவை

முதலில் உலோகம் தரும் அடித்தளம். வெள்ளி கிராம் 100 ரூபாய் விற்கும் நாளில், தேயாத உயர்தர ரூபாயில் 1,069 ரூபாய்க்கும் 1940 முதல் வந்த ரூபாயில் 583 ரூபாய்க்கும் வெள்ளி இருக்கிறது. எளிதில் கிடைக்கும் ஆண்டுகளின் தேய்ந்த காசு இந்த விலையை ஒட்டியே விற்கும். வெள்ளி ஏறும்போதெல்லாம் முதலில் உலைக்குப் போவதும் அவைதான். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது உலகெங்கும் பழங்காசுகள் பெருமளவில் உருகின.

அடித்தளத்துக்கு மேல் ஏறும் விலையை ஆண்டு, அச்சகக் குறி, அச்சு வகை, நிலை ஆகியவை முடிவுசெய்கின்றன. நிலையைக் குறிக்க வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலையே இன்று வெள்ளிக் காசுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். 1980களில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, தர எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருகின்றன.

நம் வீடுகளில் நிகழும் பெரிய இழப்பு, புளி போட்டோ பல்பொடி போட்டோ துலக்குவது. தேய்ப்பதால் அச்சகம் தந்த பளபளப்பு போய் மெல்லிய கீறல்கள் விழும்; அதைத் திருப்ப வழியில்லை. காலப்போக்கில் படியும் கருமையும் நீலச் சாயலும் குறையல்ல; சீராகப் படிந்திருந்தால் அதற்கே கூடுதல் விலை. மாலை கோக்கக் காது பற்றவைத்த காசு, காதைக் கழற்றிய பின்னும் விளிம்பில் தழும்பைக் காட்டும். அது பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகும்.

போலிகளும் மறு அச்சுகளும்

பம்பாய், கல்கத்தா அச்சகங்களே பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளருக்காக 1970 வரை மறு அச்சுகள் அடித்துத் தந்தன. அவை போலியல்ல; எனினும் முதல் அச்சின் விலை அவற்றுக்குக் கிடையாது. முழுப் போலிகளை எடையும் காந்தமும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். உயர்தர ரூபாயின் ஒப்படர்த்தி 10.3 அளவில் இருக்க வேண்டும். வார்த்துச் செய்த போலியின் பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும்.

இராமர், அனுமார் உருவமும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்துக் கம்பெனிக் காசு என்று விற்கப்படுபவை எந்த அச்சகத்திலும் நாணயமாக அச்சானவையல்ல. அரிசியை இழுக்கும் என்று கதைகட்டி லட்சங்களைப் பறிக்கும் மோசடிக்கும் இத்தகைய வில்லைகள் பயன்படுகின்றன.

சட்ட நிலை

பூமிக்கடியில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை, காசு உள்பட, மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வாங்குவதையும் விற்பதையும் நாணய வணிகர்களும் ஏல நிறுவனங்களும் நடத்துகின்றன. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது; அந்த வணிகத்தில் வங்கிக்குப் பங்கே இல்லை. பன்றி ரூபாய் முதல் 1918 ரூபாய் வரை எதற்கும் அரசு குறித்த விலை கிடையாது. முன்பு நடந்த ஏலங்களின் விலைப் பதிவுகளே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அளவுகோல்.