கொள்ளை நோயும் குடியிருக்கும் வீடும்

வரலாறு என்றவுடன் போர்களும் பட்டாபிஷேகங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. வீடு கூட்டிய வரலாற்றை எழுதுவார் இல்லை. துடைப்பமும் சுண்ணாம்புச் சட்டியும் நெற்குதிரும் ஏட்டில் ஏறத் தகுதியற்றவை என்றே நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறோம். ஆயினும் லட்சோபலட்சம் மக்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்த செய்திகள் அந்த மூலைகளில்தான் கிடக்கின்றன. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நமது கம்பம் பள்ளத்தாக்கே போதும்.

ஏலமலையின் அடிவாரத்தில், பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் அமைந்திருக்கிறது தேவாரம். வடக்கே போடிநாயக்கனூர், தெற்கே உத்தமபாளையமும் கம்பமும். 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை திறக்கப்பட்டதும் மலைக்கு அப்பால் ஓடிய நீர் இப்பக்கம் திரும்பியது. நெல் செழித்தது, குதிர்கள் நிறைந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது. மலையிலிருந்து ஏலம் இறங்கியது. மலைக்குத் தானிய மூட்டைகள் ஏறின. வீட்டின் ஒரு பகுதியே கிடங்காகவும் பயன்பட்ட காலம் அது. தானியம் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும் என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

அணை திறந்த மறு ஆண்டே, அதாவது 1896இல், பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளை நோய் தலைகாட்டியது. அந்நோயின் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சினும் கிட்டசாட்டோவும் கண்டிருந்தனர். எனினும் அது மனிதனை எவ்வழியாக வந்தடைகிறது என்பது விளங்கவில்லை. 1898இல் கராச்சியில் ஆய்வு நடத்திய சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமக்கிறது என்று காட்டினார். அன்றைய அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. 1905இல் பணி தொடங்கிய ஆய்வுக் குழுவின் சோதனைகளுக்குப் பின்னரே அவ்வுண்மை நிலைபெற்றது. எலி மடிந்ததும் பூச்சி வேறு உடலைத் தேடுகிறது. அருகில் உறங்கும் மனிதனைக் கடிக்கிறது. வீட்டில் எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு வெளியேறிய பாமர மக்களின் பட்டறிவு வீண் அச்சம் அன்று என்பதும் அப்போது தெளிவாயிற்று. இந்நோய்க்கு இந்திய நாடு பலிகொடுத்த உயிர்கள் ஒரு கோடிக்கு மேல். கோவைப் பகுதியில் 'பிளேக் மாரியம்மன்' என்னும் பெயர் இன்றளவும் அந்தத் துயரத்தை நினைவூட்டி நிற்கிறது.

தென்னகத்தில் இந்நோய் விடாப்பிடியாகத் தங்கியிருந்த இடங்களுள் நமது பள்ளத்தாக்கும் ஒன்று. ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகிய இருவர் இங்கு நடத்திய ஆய்வு, 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. இன்று ஏலத்தால் உலகறிந்த இந்த மண், அன்று மருத்துவ நூல்களில் கொள்ளை நோயால் அறியப்பட்டது. இதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

நோயை ஒடுக்கச் சர்க்கார் கையாண்ட முறைகளும் நினைவில் நிறுத்தத்தக்கவை. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பூனாவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்தனர். தட்டுமுட்டுகளைத் தெருவில் எறிந்தனர். 1898 மார்ச்சில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியில், நோயுற்ற ஒரு பெண்ணைச் சோதிக்க வந்தவர்களைக் குடும்பத்தார் தடுக்க, அது பெருங்கலவரமாக மூண்டு உயிர்களைப் பலிகொண்டது. அந்நெசவாளர் மீது குற்றம் சொல்ல நாம் வரவில்லை. நெருக்கடியான குடியிருப்பும் வறுமையும் அவர்கள் தேடிக்கொண்டவை அல்ல. ஆனால் நோய் முற்றிய பின் வரும் வெளியார் கை எத்துணைக் கடுமையானது என்பதை அந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது. வீட்டின் மானத்தைக் காக்கும் வேலிகளுள் வீட்டின் தூய்மையும் ஒன்று.

இனி, ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எலி கருவுற்று ஈனுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் போதும். தெள்ளுப்பூச்சியின் முட்டை தரையின் வெடிப்புகளிலும் பாயின் அடியிலும் விழுகிறது. அதன் புழு அங்குள்ள தூசியையும் அழுக்கையும் தின்று வளர்கிறது. வெப்பமும் ஈரமும் இசைந்தால் சில வாரங்களில் முழுப் பூச்சியாகிவிடுகிறது. நாமோ ரமலானுக்கு முன்பும், வீட்டில் நிக்காஹ் நடக்கும்போதும் பரணை இறக்கி வெள்ளையடிக்கிறோம். வாரக் கணக்கில் பெருகும் பகையை ஆண்டுக் கணக்கில் எதிர்த்தால் எப்படி வெல்வது? ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் பாடுபடுவதைவிட, அன்றாடம் கால் மணி நேரம் கூட்டித் துடைப்பதே பகையின் வேரை அறுக்கும்.

இவ்வுண்மை நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. தூய்மையை ஈமானின் பாதியாக எண்ணும் சமுதாயம் நாம். இரவு படுக்குமுன் பாத்திரங்களை மூடவும், தண்ணீர்த் தோற்பைகளின் வாயைக் கட்டவும், விளக்கை அணைக்கவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி விளக்குத் திரியை இழுத்து வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து ஓடியும் வராதீர் என்பதும் அவர்கள் காட்டிய வழியே. பதினான்காம் நூற்றாண்டில் கிரனடாவில் வாழ்ந்த இப்னுல் கதீப் என்னும் பேரறிஞர், ஆடையாலும் பாத்திரத்தாலும் நோய் தொற்றுவதைக் கண்கூடான சான்றுகளால் நிலைநாட்டினார். ஐரோப்பா கிருமியை அறிவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த குரல் அது.

வேலையை யார் செய்வது என்னும் வினாவும் எழுகிறது. வீட்டுத் தூய்மை பெண்களின் தலைமேல் மட்டும் விழுந்த சுமையாகவே இருந்து வந்திருக்கிறது. அண்ணலார் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தார்கள் என்றும், தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, ஆண்மக்கள் துடைப்பத்தைத் தொடுவது இழுக்கென எண்ணுவது எந்தச் சுன்னத்து? சுபுஹுத் தொழுகைக்குப் பின் பாயைச் சுருட்டி உதறுவது ஒருவர் வேலை. கூடத்தைக் கூட்டுவது மற்றொருவர் வேலை. அஸருக்குப் பின் சமையற்கட்டின் மூலைகளைத் துடைக்கலாம். இஷாவுக்குப் பின் சோற்றுப் பருக்கை சிந்திய இடத்தைத் துடைத்து, பாத்திரங்களை மூடி வைக்கலாம். ஒவ்வொன்றும் ஐந்தே நிமிட வேலை. ஐவேளைத் தொழுகை நாளைப் பகுத்துத் தந்திருக்கும் வீட்டில் இதற்கெனத் தனிக் கடிகாரம் வேண்டியதில்லை.

பின்னாளில் டி.டி.டி. மருந்து வந்தது, 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1966க்குப் பின் இந்நோய் நாட்டைவிட்டு நீங்கிற்று என்றே பலரும் நம்பினர். 1994இல் சூரத்தில் அது மீண்டும் தோன்ற, லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் நாள்தோறும் குப்பை அள்ளுவதைக் கட்டாயமாக்கினார். அதிகாரிகளைத் தெருவில் இறக்கினார். சில ஆண்டுகளிலேயே அந்நகரம் நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. அங்கே அதிசயம் எதுவும் நிகழவில்லை. செய்ய வேண்டியதை அன்றன்றே செய்தார்கள், அவ்வளவே. ஏலமலை அடிவாரத்து முன்னோர் உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடமும் அதுதான். அதை விலையின்றிப் பெற்றிருக்கும் நாம், நம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் செய்துகாட்டியும் கைமாற்றக் கடமைப்பட்டிருக்கிறோம்.