வானியலில் சிலிக்கன் பட உணரிகள்

தொலைநோக்கி திரட்டித் தரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் படமாகப் பதிவு செய்யும் குறைகடத்திச் சில்லு, சிலிக்கன் பட உணரி எனப்படும். சிசிடி, சிமாஸ் ஆகிய இரு வகைகள் வானியலில் பயன்படுகின்றன. தமிழகத்தில் இதன் வரலாறு திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தையும் திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூர் வானாய்வகத்தையும் சார்ந்தது. ஒளிப்படத் தகடுகளின் இடத்தைப் பிடித்த இந்தச் சில்லே, கொடைக்கானலின் நூற்றாண்டுத் தகடுகளுக்கு மறுவாழ்வும் அளித்தது.

தகடுகளின் காலம்

1876–78இல் தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. சூரியனை ஆராயத் தனி ஆய்வகம் வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. வானியலாளர் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் அதற்குப் பழனி மலைத் தொடரைத் தேர்ந்தெடுத்தார். திண்டுக்கல் சமவெளியின் தூசிக்கும் வெக்கைக்கும் மேலே, சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899இல் கொடைக்கானல் வானாய்வகம் உருவானது. சூரியப்புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிந்த நாள்தோறும் சூரியன் தகடுகளிலும் பின்னர் படச்சுருளிலும் பதிவானது.

தகட்டில் இரண்டு குறைகள் உண்டு. விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டே அதில் பதியும். ஒளி இரட்டித்தால் தகட்டின் கருமையும் இரட்டிக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவே பிரகாசத்தை அளவிடத் தகட்டை நம்புவது எளிதாக இருக்கவில்லை.

சில்லின் பிறப்பு

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடியை உருவாக்கினர். 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதி இருவருக்கும் பகிரப்பட்டது. 1976இல் அரிசோனாவில் 1.54 மீட்டர் தொலைநோக்கியில் சிசிடி பொருத்தி யுரேனஸ் படமெடுக்கப்பட்டது. வானியலாளர்கள் இந்தச் சில்லின் பக்கம் திரும்ப அது காரணமாயிற்று.

சிலிக்கனில் விழும் ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் பிக்சல் எனப்படும் நுண்கட்டங்களில் சேர்கின்றன. படமெடுத்து முடிந்ததும், கிணற்றடியில் வரிசையாக நிற்பவர்கள் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒவ்வொரு கட்டத்தின் மின்னூட்டமும் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து, சில்லின் ஓரத்தில் அளக்கப்படுகிறது.

இந்தச் சில்லை வானியலுக்கு ஏற்றதாக்க இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முகப்பில் உள்ள மின்முனைகள் நீல ஒளியை உறிஞ்சிவிடும். ஆகவே சில்லின் பின்புறத்தைத் தேய்த்து மிக மெலிதாக்கி, ஒளியை அந்தப் பக்கமாக விழச் செய்தனர். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் சேர்ந்தபோது, உகந்த நிறங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒளித்துகள்கள்வரை பதிவாயின. அடுத்த தடை வெப்பம். ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு, மங்கிய விண்மீனின் குறியை மூழ்கடித்துவிடும். அதனால் சில்லை வெற்றிடக் கலனில் அடைத்து, திரவ நைட்ரஜன் கொண்டு சுழியத்துக்குக் கீழே 100 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கின்றனர்.

தமிழகத்தில்

காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கே சிசிடி பயன்பாடு வேரூன்றியது. மங்கலான விண்மீன்களிலிருந்தும் விண்மீன் மண்டலங்களிலிருந்தும் கிடைப்பது சொற்ப ஒளியே என்பதால், அங்கு ஒவ்வொரு ஒளித்துகளும் முக்கியம். கொடைக்கானலின் தேவை வேறு. சூரியனில் ஒளிக்குப் பஞ்சமில்லை. பிரகாசத்தைப் பிசகாமல் அளப்பதும் அடுத்தடுத்து விரைவாகப் படமெடுப்பதுமே அங்கு வேண்டியிருந்தது. 2008இல் அங்கு நிறுவப்பட்ட இரட்டைத் தொலைநோக்கி, வெண்ணொளியிலும் கால்சியம் நிறமாலைக் கோட்டிலும் சிசிடி கொண்டு சூரியனைப் படமெடுக்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி 2014இல் சேர்ந்தது.

இதற்கிடையே பழைய தகடுகளை எண்ணிமமாக்கும் பணியும் நடந்தது. ஒரே சீரான ஒளி பரப்பும் கோளத்தின் முன் தகட்டை வைத்து, 4096 × 4096 பிக்சல் கொண்ட குளிரூட்டிய சிசிடி கேமராவால் ஒவ்வொன்றையும் படமெடுத்தனர். கண்ணாடியில் கருமையாக உறைந்திருந்த சூரியன்கள் கணினியில் அளக்கத்தக்க எண்களாயின. சூரியப்புள்ளிச் சுழற்சிகள் பலவற்றை ஒரே தொடராக ஆராய அது வழி திறந்தது.

விண்வெளியிலும் இன்றும்

2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் வானியல் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியில், ஒளிபெருக்கியோடு இணைந்த சிமாஸ் உணரிகள் ஒளித்துகள்களை ஒன்றொன்றாக எண்ணின. சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி மின்பெருக்கி இருப்பதால் படம் விரைவாக வாசிக்கப்படும். 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 கலத்தில் இரு வகையும் உண்டு: இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய வெல்க் கருவியில் சிமாஸ், புனேயின் ஐயுகா மையம் உருவாக்கிய சூட் கருவியில் சிசிடி. உலக அளவில், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் ஆய்வகக் கேமரா 189 சிசிடிகளைக் கொண்டு 3,200 மெகாபிக்சல் படம் எடுக்கிறது.

கலன், குளிரூட்டல், மின்னணுச் சுற்று, மென்பொருள் என்று சில்லைச் சுற்றியுள்ள பலவற்றை இந்திய ஆய்வகங்கள் தாமே செய்து தேர்ந்துள்ளன. சில்லின் மின்னூட்டத்தை வாசிக்கும் ஐடிசாக் என்ற கட்டுப்பாட்டுக் கருவியை ஐயுகா வடிவமைத்தது. ஆனால் பெரிய வானியல் தொலைநோக்கிகளுக்கான சில்லுகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வந்துள்ளன. அவற்றை இங்கேயே உருவாக்குவதே அடுத்து எட்ட வேண்டிய படி. கொடைக்கானலில் எண்ணிமமாக்கிய சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தின் பள்ளி, கல்லூரி மாணவர்களும் அவற்றை எடுத்து ஆராயலாம்.