புத்தளத்துப் புகையிரதமும் உழைப்போர் பொழுதும்

ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்வழியே புத்தளத்து உப்பும் தெங்குப் பொருள்களும் படகேறிக் கொழும்பு சென்றன. பின்னர் ஆங்கிலேயர் தண்டவாளம் போட்டனர். நீர்கொழும்புக்கு 1909இலும் சிலாபத்துக்கு 1916இலும் வந்த புகையிரதம் புத்தளத்தைத் தொட்டது 1926இலேதான். தென்னந்தோட்டத் துரைமாரின் கொப்பரா முந்திக்கொண்டது. உப்பளத்துக் கூலியாள் பத்தாண்டு காத்திருந்தான். கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் இங்கிருந்து அவ்வண்டி செல்லவேயில்லை.

வடக்கே தண்டவாளம் நீண்டதுண்டு. அறுவைக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொணர்வதற்காக நீண்டது. கல்லுக்கு வழி பிறந்தது. வண்ணாத்திவில்லு உழவனுக்குப் பிறக்கவில்லை.

1958 ஜனவரி 1ஆம் நாள் பஸ் சேவை தேசியமயமாயிற்று. இதனை வெறும் நிருவாக மாற்றமெனக் கருதுவோர் கிராமத்துச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றறியாதோர். இலாபந்தராத வழியிலும் வண்டி ஓட வேண்டுமென்பது அன்று அரசின் கடமையாயிற்று. போக்குவரத்துச் சபையில் ஒழுங்கீனம் மலிந்திருந்தமையை நாம் மறைக்கவில்லை. ஆயின் 1977இல் வந்த ஆட்சி நோய்க்கு மருந்திடாது உறுப்பையே வெட்டியது. சபை துண்டாடப்பட்டது; 1979இலிருந்து தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. ஆள் நிரம்பினால் ஓடுவது, நிரம்பாவிடின் நிற்பது என்பதே நேரசூசியாயிற்று. 2005இல் சபை மீண்டும் ஒன்றாக்கப்பட்டும் இழந்தது மீளவில்லை.

இதற்கிடையே 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர் இக்கரையில் தஞ்சம் புகுந்தனர். ஊர்கள் பெருகின, அவ்வளவுக்கு வண்டிகள் பெருகவில்லை. முதற்பாடவேளையில் வெறுமையாய்க் கிடக்கும் வாங்குகளை ஆசிரியராகிய நாம் நாடோறும் காண்கிறோம். முந்தி வரும் தனியார் வண்டி மாணவரின் பருவகாலச் சீட்டை ஏற்பதில்லை. பிந்தி வரும் அரச வண்டியில் கால்வைக்க இடமில்லை. பிந்தி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்கும்போது யாருடைய குற்றத்துக்கு யாரைத் தண்டிக்கிறோம் என்று நம்மிற் சிலரேனும் எண்ணியதுண்டா?

பெரியோர் பாடும் இதுவே. சிலாபத்துக்கு வடக்கே இன்றும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டி கடக்கும்வரை நிலையத்திற் கிடக்க வேண்டும். புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றரைக் கடக்க நான்கு மணி நேரமளவில் ஆகிறது. எட்டு மணி வேலைநாளுக்காக உலகத் தொழிலாளர் குருதி சிந்தினர். சிலாபத்திலிருந்து நாடோறும் கொழும்பு சென்று மீளும் எழுதுவினைஞருக்குப் பயணத்திற் கழியும் நான்கைந்து மணிக்குக் கூலியுமில்லை, கணக்குமில்லை. சங்கக் கூட்டத்துக்கும் நூலகத்துக்கும் பிள்ளையின் பாடத்துக்கும் உரிய பொழுது அது.

தலைநகரின் கதையும் வேறன்று. 1899இல் ஓடத் தொடங்கிய டிராம் 1960இலும், அதற்கு மாற்றாக வந்த டிரொலி பஸ் 1964இலும் மறைந்தன. 2013இல் கட்டுநாயக்கா அதிவேக வீதி திறக்கப்பட்டது. யப்பானியக் கடனில் அமையவிருந்த இலகு ரயிலோ 2020இல் கைவிடப்பட்டது.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பின் குப்பையை அறுவைக்காட்டிற் கொட்டும் திட்டம் விரைவுபெற்றது. 2018இல் புத்தளத்து மக்கள் அதனை எதிர்த்து வீதியில் அமர்ந்தனர். களனியிலிருந்து அக்குப்பையைக் கொணர்வதற்கு வகுக்கப்பட்ட வழி புகையிரதம். நம் பிள்ளைகளும் தொழிலாளரும் பெட்டி போதாமல் தொங்கிச் செல்லும் அதே பாதையிலே, குப்பைக்கெனத் தனி வண்டிகள் குறிக்கப்பட்டிருந்தன.