கைரேகைச் சட்டமும் இருபாலார் துயரும்

மாந்தர் படும் இடர்களை ஆணுக்குரியவை, பெண்ணுக்குரியவை எனச் சமுதாயம் எவ்வாறு பகுத்துக் காண்கிறது என்பதை ஆராய்வார்க்கு, பழைய மதுரை மாவட்டத்துக் கைரேகைச் சட்ட வரலாறு ஏற்றதொரு சான்றாகும். ஜெயமங்கலம் முதலிய ஊர்களைக் கொண்ட இன்றைய தேனி மாவட்டமும் அன்று அம்மாவட்டத்தின் பகுதியே.

1871-இல் வட இந்தியாவில் தோன்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பிறமலைக் கள்ளர்மீது அஃது ஏவப்பட்டபொழுது, வயதுவந்த ஆடவரே பதிவேட்டில் ஏற்றப்பெற்றனர். அவர்தம் கைரேகை எடுக்கப்பட்டது. இரவில் அவர்கள் காவலர் கண்காணிப்பில் படுத்துறங்கல் வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெறல் வேண்டும். குற்றம் இழைத்தமையால் அன்று, அக்குலத்தில் ஆணாய்ப் பிறந்தமையால் வந்த தண்டனை இது. எனினும் இதனை ஆணின் இடர் என எவரும் வழங்குவதில்லை; குலத்தின் இழிவு என்றே வழங்குவர். ஆணின் துயர் அனைவர் துயராகவும் கொள்ளப்படுதலின், அதன் பால்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

பெண்ணின் துயர் மறைந்தது வேறொரு வகையால். ஆடவர் இல்லாத இரவுகளில் குழந்தைகளும் முதியோரும் கால்நடைகளும் அவள் ஒருத்தி பொறுப்பில் நின்றிருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை. ஆயினும் அது வீட்டுப்பாடு எனக் கருதப்பட்டு, எப்பதிவேட்டிலும் இடம்பெறவில்லை.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்த மக்கள்மீது காவலர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவருள் பெண் மாயக்காள் ஒருவரே. காயமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர் என்பது ஊர் வழக்கு. களத்தில் நின்று உயிர் நீத்தமை அனைவர்க்கும் பொதுவாகவும், ஆடவரைப் போராளிகள் என்றும் அவரைத் தொண்டு செய்தவர் என்றும் மக்கள் நினைவு பிரித்துக் கூறுகிறது.

பதிவு பெற்றோர் ஆடவரே. ஆகலின் துயரும் அவர்தம்மதே எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. அரசு தான் அஞ்சியவரையே எண்ணியது. அவ்வெண்ணிக்கை அதன் அச்சத்தைக் காட்டுமேயன்றி மக்கள் துயரை அளவாது. அதனையே அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வாளர், தாம் கண்டிக்கும் அரசின் கண்கொண்டே மக்களைக் காண்பவராவர்.

1947-இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆடவர்பட்ட துயர்க்கு ஆவணம் உண்டு. பெண்டிர்பட்ட துயரை வாய்மொழிச் செய்திகளிலும் ஒப்பாரியிலுமே தேடல் வேண்டும். அவற்றைத் தொகுத்து ஆவணங்களோடு ஒப்பிட்டு நோக்கும்பொழுதே, இச்சட்டத்தின் வரலாறு இருபாலார்க்கும் உரியதாய் நிறைவுறும்.